ஹெட்போனுக்கு ஏற்ற பாட்டா? பாட்டுக்கு ஏற்ற ஹெட்போனா?



நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவரும் என்னைப் போலவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பணி ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. “எந்தப் பாடல்களைக் கேட்கப் போகிறீர்கள் ஐயா?” என்று திருப்பிக் கேட்டேன். “இதென்ன கேள்வி? நல்ல ஹெட்போன் என்றால் எல்லாப் பாடல்களும் நன்றாகத்தானே கேட்க வேண்டும்?” என்றார்.

இதே நம்பிக்கை ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை 1,300 ரிங்கிட். பணம் போனது பெரிதன்று. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நான் பிறந்து வளர்ந்த பாடல்களையே கேளாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நண்பருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

தமிழாசிரியன் ‘ஹெட்போன்’ என்று எழுதலாமா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காதொலிப்பான், செவிப்பொறி, தலையணிக் கேட்பொறி என்று பல சொற்கள் ஆக்கப்பட்டுள்ளன. கடைக்காரரிடம் நாம் கேட்பது ஹெட்போனைத்தான். மேற்கண்ட சொற்களுள் ஏதேனும் ஒன்று மக்கள் நாவில் நிலைக்குமானால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன். நான் இங்குக் குறிப்பிடுவது காதுக்குள் செருகும் சிறியவற்றை அன்று. காதை முழுதும் மூடித் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் பெரிய வகையை.

என் கதைக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஒரு கடையில் அந்த ஹெட்போனை என் தலையில் மாட்டி, ஓர் ஆங்கிலப் பெண் பாடகரின் பாடலைப் போட்டுக் காட்டினார்கள். பியானோ, பெரிய கிதார், அந்தப் பெண்ணின் குரல். அவ்வளவுதான். பாடகர் மூச்சு இழுப்பதும் விரல் கம்பியில் உரசுவதும் தெளிவாகக் கேட்டன. மெய்சிலிர்த்துப் போனேன். இதில் நம் பழைய பாடல்கள் எப்படி இருக்கும் என்ற ஆவலோடு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

என்னிடம் என் தந்தையாரின் ஒலிநாடாக்கள் இருக்கின்றன. தோட்டத்து லயத்து வீட்டில் அவர் சேர்த்து வைத்தவை. சில கடையில் வாங்கியவை; பல, வானொலிப் பெட்டியின் முன் ரெக்கார்டரை வைத்து அவரே பதிந்தவை. அனைத்தையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். முதலில் டி.எம். சௌந்தரராசன் அவர்களின் பாடல் ஒன்றைப் போட்டேன். இரைச்சல்! பாட்டைக் காட்டிலும் நாடாவின் ‘ஸ்ஸ்ஸ்’ என்னும் ஓசையே முன்னால் வந்து நின்றது. வெண்கலக் குரல் தகரமாக ஒலித்தது. ‘ச’கரமும் ‘ஷ’கரமும் காதில் ஊசியாய்க் குத்தின. பி. சுசீலா அவர்களின் குரல் மேலே ஏறும் இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

பதிவு பழையது, என்ன செய்ய முடியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதன்பின் அந்த ஹெட்போனில் எது நன்றாகக் கேட்டதோ அதையே கேட்கத் தொடங்கினேன். எனக்கு அதுவரை தொடர்பே இல்லாத ஆங்கில ஜாஸ் பதிவுகள், ஒலிப்பதிவின் தூய்மைக்காகவே விற்கப்படும் குறுந்தட்டுகள், மழை பெய்யும் ஓசை, கண்ணாடி உடையும் ஓசை! ஆம், சிரிக்காதீர்கள், கண்ணாடி உடையும் ஓசையை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு முந்திய இரவு, பழைய பாடல் ஒன்றை முணுமுணுத்தபோதுதான் அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது உறைத்தது. ஹெட்போனுக்காகப் பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன்! விளக்குக்கு ஏற்ப வீட்டை இடித்துக் கட்டியவன் கதைதான்.

இதில் பலர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. “நல்ல கருவி உண்மையைச் சொல்கிறது, பதிவு மோசமாக இருந்தால் மோசமாகத்தான் கேட்கும், அது கருவியின் குற்றமன்று” என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நானும் நம்பினேன். இப்பொழுது நம்புவதில்லை.

1950களிலும் 1960களிலும் சென்னையில் ஒலிப்பதிவு செய்த பொறியாளர்கள் யாருக்காகப் பதிந்தார்கள்? திரையரங்கின் திரைக்குப் பின்னால் இருந்த பெரிய ஒலிபெருக்கிக்காக. தேநீர்க் கடை வானொலிக்காக. திருமண வீட்டுக் கொம்பு ஒலிபெருக்கிக்காக. அக்காலத் திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தில் சுமார் 8,000 ஹெர்ட்சுக்கு மேல் பயனுள்ள ஒலி மிகக் குறைவு. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை கேட்க வல்லது என்பது நாம் மாணவர்களுக்குக் கற்பிப்பதுதானே? ஆக, அந்த மேல் பகுதியில் பாட்டு இல்லை. நாடா இரைச்சலும் தட்டுச் சரசரப்பும் மட்டுமே இருக்கின்றன. மேலொலியைத் தூக்கிக் காட்டும் ஹெட்போன் எதைத் தூக்கிக் காட்டும்? இல்லாத பாட்டையா? இருக்கும் இரைச்சலைத்தான்!

தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்று வரையப்பட்ட கோயில் கோபுரத்துச் சுதையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ‘சிற்பி சரியில்லை’ என்று சொல்வது உண்மை பேசுவதாகுமா? அந்தப் பொறியாளர்கள் தங்கள் காலத்துக் கருவிக்கு ஏற்பக் குரலை முன்னால் நிறுத்தினார்கள். கொம்பு ஒலிபெருக்கியில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக நடுப்பகுதி ஒலியைக் கூர்மையாக்கினார்கள். நம் காதுக் குழாயோ இயல்பாகவே 3,000 ஹெர்ட்சு அளவில் ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது. ஏற்கெனவே கூர்மையான குரலை, அதே பகுதியைத் தூக்கும் ஹெட்போன் வழியாகக் காதை ஒட்டி வைத்துக் கேட்டால் குத்தாமல் என்ன செய்யும்?

ஒலியியல் அறிஞர் ஃபிளாய்ட் டூல் அவர்கள் இச்சிக்கலைக் ‘குழப்ப வட்டம்’ என்று குறிப்பிடுகிறார். பதிவு செய்தவர் எந்த ஒலிபெருக்கியில் கேட்டுச் சரிபார்த்தார் என்பது நமக்குத் தெரியாது. அந்த ஒலிபெருக்கிகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆகவே பதிவு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு உறுதியான அளவுகோல் இல்லை. ஹெட்போனின் நிலை இன்னும் குழப்பமானது. ‘நல்ல ஹெட்போன் எப்படி ஒலிக்க வேண்டும்’ என்று பலரைக் கேட்க வைத்து ஆராய்ந்து, ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஓலிவ் குழுவினர் ஓர் ஒலி வளைவை முன்வைத்ததே 2012, 2013ஆம் ஆண்டுகளில்தான். அதுவும் பெரும்பாலோர் விரும்பிய ஒலி என்பதே தவிர, வேதவாக்கு அன்று. நிலைமை இப்படியிருக்க, ‘என் ஹெட்போன் உண்மையைச் சொல்கிறது’ என்று மார்தட்டுவது வீண்.

ஆகவே என் கருத்து இதுதான்: நீங்கள் எந்தப் பாடலை விரும்புகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. அந்தப் பதிவு எப்படிப்பட்டது என்பது இரண்டாம் கேள்வி. ஹெட்போன் அதற்குப் பிறகு.

தமிழிசைப் பதிவுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் நாதசுவரம் 78 சுழல் இசைத்தட்டுகளில் பதிவானது. ஒரு பக்கத்திற்குச் சில நிமிடங்களே. அந்தப் பேரிசையை அவ்வளவு சிறிய தட்டில் அடக்கினார்கள் என்பதே வியப்பு. அதில் அடியொலியும் இல்லை, மேலொலியும் இல்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும்தான். ஆனால் அந்தப் பட்டைக்குள் அவருடைய தோடி முழுதாக இருக்கிறது. இதற்கு வேண்டியது நடுப்பகுதியைத் திருத்தமாகவும் மென்மையாகவும் தரும் ஹெட்போன். அடியொலி முழங்கும் வகையில் கேட்டால் தட்டு சுழலும் உறுமல்தான் மிஞ்சும்.

1960களின் மெல்லிசை வேறு. விசுவநாதன்–இராமமூர்த்தி இணையரின் பதிவுகள் மோனோ என்னும் ஒற்றைத் தட ஒலி. ஹெட்போனில் கேட்டால் பாடகர், வயலின்கள், பாங்கோசு அனைவரும் நம் தலையின் நடுவில் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். முதலில் மூச்சுமுட்டுவதுபோல் இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் பழகிவிடும். காற்றோட்டம் உள்ள ‘திறந்த’ வகை ஹெட்போன் இதற்கு நல்லது. இந்த வகையைப் பரவலாக்கியது 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414. மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த அந்தப் பழைய படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். திறந்த வகையில் ஒலி காதுக்குள் அடைபடாமல் வெளியே கசியும். அதனால் ஒற்றைத் தடப் பாட்டும் ஓரளவு மூச்சு விடும்.

அடுத்து ஸ்டீரியோ. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ முறையில் முதன்முதலாகப் பதிவான பாடல்களுள் வைத்துப் பேசப்படுபவை 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்கள். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட படம் என்பதால் இங்குள்ளோர்க்கு அதன்மேல் தனிப் பாசமும் உண்டு. இளையராஜா அவர்கள் இசை, யேசுதாஸ் அவர்கள் குரல். அன்றைய ஸ்டீரியோவில் ஒரு கருவி முழுக்க இடக்காதிலும் மற்றொன்று முழுக்க வலக்காதிலும் ஒலிப்பதைக் கேட்கலாம். ஸ்டீரியோவின் தொடக்க காலத்தில் பிற இடங்களிலும் அப்படித்தான். பீட்டில்ஸ் குழுவின் தொடக்க காலத் தட்டுகளில் பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம் எனப் பிரிந்து கிடக்கும். 2009இல் அவர்களுடைய மோனோ பதிவுகள் தனிப் பெட்டியாக வெளிவந்தபோது அதற்கும் ஆர்வலர்கள் திரண்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்க ஒலி வலக்காதுக்கும் சற்று எட்டும். ஹெட்போனில் எட்டாது. அதனால்தான் ஒரு காதில் மட்டும் கொட்டும் மேளம் எரிச்சலூட்டுகிறது. இரு பக்க ஒலியையும் சிறிது கலந்து கொடுக்கும் ‘கிராஸ்ஃபீட்’ என்னும் முறையை பெஞ்சமின் பாயர் என்பவர் 1961இலேயே எழுதி வைத்துவிட்டார். இன்று பாட்டு இயக்கும் செயலிகள் சிலவற்றில் அது இலவசமாகவே கிடைக்கிறது. 1970களின் பிற்பகுதிப் பாடல்களை விரும்புவோர் 2,000 ரிங்கிட் ஹெட்போனைத் தேடுமுன் இந்தப் பொத்தானைத் தேடுவது நலம்.

1980களின் இளையராஜா பதிவுகளுக்கு வேறொரு தேவை. பாட்டின் அடியில் பேஸ் கிதார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். வானொலியில் நாம் அதைக் கேட்டதே இல்லை. அடியொலி தெளிவாகவும் விரைவாகவும் வரும் ஹெட்போனில் கேட்டால், இருபதாண்டு பழகிய பாட்டுக்குள் இன்னொரு பாட்டு கிடைக்கும். அடியொலியைக் கொழகொழவென்று கொட்டும் வகையில் இது நடக்காது. பேஸ் கிதாரும் டிரம்ஸும் ஒன்றாய்க் குழைந்துவிடும். 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை வைத்தே நான் எந்த ஹெட்போனையும் சோதிப்பேன். வி.எஸ். நரசிம்மன் அவர்களின் வயலின் தனியாகவும் பின்னணி வயலின் குழு தனியாகவும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

1992இல் ‘ரோஜா’ வந்தபின் நிலைமை மாறியது. ஏ.ஆர். ரகுமான் அவர்களும் ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் அவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஒலி, நல்ல ஹெட்போனை மனத்தில் வைத்தே செய்ததுபோல் இருந்தது. ஸ்ரீதர் அவர்கள் 2008இல் மறைந்தார். 1993இல் வந்த ‘திருடா திருடா’ படத்தில் சாகுல் ஹமீது அவர்கள் பாடிய ‘ராசாத்தி’ பாடல் ஏறத்தாழ முழுவதும் மனிதக் குரல்களாலேயே ஆனது. குரல்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைக் காட்டும் ஹெட்போனில் அது தனி அனுபவம். இவ்வகைப் பதிவுகளுக்குக் கூர்மையான ஹெட்போனும் பொருந்தும். நான் முதலில் வாங்கியதுகூட இவற்றுக்கு நன்றாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2000க்குப் பிந்திய பல பதிவுகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். மெல்லிய இடம், உரத்த இடம் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் இழுத்து வைத்துவிடுகிறார்கள். 2008இல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னட்டிக்’ தட்டு இந்தக் காரணத்துக்காகவே உலகம் முழுதும் திட்டு வாங்கியது. நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். பழைய பாடல்களைப் ‘புதுப்பொலிவோடு’ என்று சொல்லிப் புதிய மேளத்தையும் எதிரொலியையும் சேர்த்து விற்கும் கொடுமை வேறு. இரைச்சலை நீக்குகிறேன் என்று பாடகரின் மூச்சையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள்! அத்தகைய பதிவை எந்த ஹெட்போனாலும் காப்பாற்ற முடியாது. அதைவிடத் தந்தையாரின் இரைச்சலுள்ள ஒலிநாடாவே எனக்கு மேல்.

கருநாடக இசை கேட்போருக்கு ஒரு சொல். 1963இல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் சுப்ரபாதம் நம் வீடுகளில் விடியற்காலையில் தூரத்திலிருந்து கேட்ட ஒலி. அதை ஹெட்போனில், அமைதியான அறையில், குறைந்த ஒலியளவில் கேட்டுப்பாருங்கள். எம்.எஸ். அவர்களின் குரலோடு ராதா விசுவநாதன் அவர்களின் குரல் இழைவதும் பிரிவதும் தெரியும். மிருதங்கக் கச்சேரிப் பதிவுகளில் தொப்பியின் கும்காரம் அடியொலி. வலந்தலையின் நாதம் நடுவொலியும் மேலொலியும். இரண்டும் சமமாக வராத ஹெட்போனில் மிருதங்கம் பாதிதான் கேட்கும்.

இனி, நான் செய்த மாற்றத்தைச் சொல்கிறேன். முதல் ஹெட்போனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, சென்ஹைசர் எச்டி 650 வாங்கினேன். 2003இல் அறிமுகமான வகை. திறந்த அமைப்பு, மேலொலியைச் சற்று அடக்கியே கொடுக்கும். ‘மறைத்துச் சொல்கிறது’ என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. என் ஒலிநாடாக்களுக்கு அந்த மறைப்புதான் மருந்தானது. இதன் மின்தடை 300 ஓம். கைப்பேசியில் நேராகச் செருகினால் ஒலி சோர்ந்து வரும். சிறிய ஒலிப்பெருக்கி ஒன்று தனியாக வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 ஓம் அளவிலான ஹெட்போன்களுக்குப் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். மோனோ பாட்டை ஸ்டீரியோ ஒலிநாடாவிலிருந்து கணினியில் ஏற்றினால் இடத்தடத்திலும் வலத்தடத்திலும் இரைச்சல் வேறுவேறாக இருக்கும். பாட்டு மட்டும் ஒன்றாக இருக்கும். இரண்டையும் கூட்டி ஒரே தடமாக்கினால், பாட்டோடு ஒப்பிடுகையில் இரைச்சல் 3 டெசிபல் அளவு குறையும். கைப்பேசி அமைப்புகளில் ‘மோனோ ஒலி’ என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினாலே போதும். அதோடு ‘ஈக்குவலைசர்’ வசதியில் 6,000 முதல் 8,000 ஹெர்ட்சு வரையுள்ள பகுதியை மூன்று நான்கு டெசிபல் இறக்கிவிட்டால், குத்திய ‘ச’கரம் பணிந்துவிடும். இவற்றை அன்றே அறிந்திருந்தால் 1,300 ரிங்கிட் ஹெட்போனையே வைத்துக்கொண்டிருப்பேனோ என்று சில வேளைகளில் தோன்றும். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

புதிய ஹெட்போனில் தந்தையாரின் நாடாக்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டேன். வானொலி முன் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த நாடா ஒன்றில், பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்குமுன் ஒரு சிறு இடைவெளி. அதில் மிக மெலிதாக, “சத்தம் போடாதீங்கடா, பதியுது” என்று ஒரு குரல். எங்களைத்தான் அதட்டியிருக்கிறார். அந்த நாடாவை வீட்டு ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், தென்பட்டதில்லை. முதல் ஹெட்போனில் இரைச்சல் தாங்காமல் அந்த இடம் வரும் முன்பே நிறுத்தியிருக்கிறேன். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

கம்பியில்லா ஹெட்போன் பற்றி நண்பர் கேட்டார். வசதியானதுதான். புளூடூத் வழியே செல்லும்போது ஒலி சுருக்கப்படுகிறது. ஆயினும் பழைய பாடல்களில் அதன் இழப்பை என் காது கண்டுபிடிக்கவில்லை. ஐம்பதைக் கடந்த காது வேறு. 12,000 ஹெர்ட்சுக்கு மேல் நமக்கெல்லாம் கேட்பது அரிதாகிவிடும் காலம் இது. அந்த மேல்பகுதிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் இதையும் எண்ணிப்பார்க்கலாம்.

ஒலியளவைப் பற்றி மட்டும் ஆசிரியனாகச் சற்றுக் கண்டிப்பாகப் பேசுகிறேன். எல்ஆர்டியில் என் பழைய மாணவர்களைப் பார்க்கிறேன். மூன்று இருக்கை தள்ளி நிற்கும் எனக்கே அவர்கள் காதில் ஓடும் பாட்டு கேட்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலுக்கு வந்தால் வாரத்திற்கு நான்கு மணி நேரமே மிஞ்சுகிறது! தொடர்வண்டி இரைச்சலை வெல்லத்தான் ஒலியைக் கூட்டுகிறார்கள். அங்குத் திறந்த வகை உதவாது. காதை நன்கு அடைக்கும் மூடிய வகையோ இரைச்சல் நீக்கும் வகையோ இருந்தால் பாதி ஒலியளவே போதும். இழந்த செவித்திறனைத் திருப்பித் தரும் ஹெட்போன் எந்தக் கடையிலும் இல்லை.

நண்பரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். கடைக்குப் போகும்போது உங்கள் பாடல்களை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். சென்ற சனிக்கிழமை இருவரும் சென்றோம். சீர்காழி கோவிந்தராஜன், பி. சுசீலா, ஒரு நாதசுவரப் பதிவு எனப் பத்துப் பாடல்களைக் கைப்பேசியில் ஏற்றி வந்திருந்தார். கடையிலிருந்த சீன இளைஞர் மிக விலையுயர்ந்த ஒன்றை முதலில் நீட்டினார். நண்பர் சீர்காழியாரைப் போட்டார். அரை நிமிடத்தில் தலையசைத்துக் கழற்றிவிட்டார். இரண்டாவதும் அப்படியே. நான்காவதை மாட்டியபின் பேச்சில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வலக்காலில் தாளம் ஓடியது. விலையைப் பார்த்தேன், 420 ரிங்கிட்.

அந்த இளைஞருக்கு வியப்பு. என்ன பாட்டு என்று மலாயில் கேட்டார். “லாகு லாமா, பழைய பாட்டு” என்று சொல்லி நண்பர் ஹெட்போனை அவரிடம் நீட்டினார். இளைஞர் மாட்டிக்கொண்டு நின்றார். வேறு வாடிக்கையாளர் ஒருவர் வந்து காத்திருந்தார். பாட்டு முடியும்வரை இளைஞர் அதைக் கழற்றவில்லை.